நகையை அடகு வைக்கும் முன் எங்களைப் பாருங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டால் பல வீடுகளில் அன்றைக்கே நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. இரண்டு கீமோ முடிந்து, கையிருப்பும் கரைந்த பிறகுதான் "ஏதாச்சும் உதவி கெடைக்குமா மேடம்?" என்று என்னிடம் வருகிறார்கள். நான் மருத்துவமனையில் சமூகப் பணியாளர். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

முதலில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். அதில் அடங்காததற்குத்தான் தொண்டு நிறுவனங்களை நாடுவது. 1951-இல் டாக்டர் ஜஸ்ஸாவாலாவும் நேவல் டாடாவும் மும்பையில் தொடங்கிய இந்தியன் கேன்சர் சொசைட்டியைப் பலர் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களாக மட்டுமே அறிவார்கள். நாட்டில் எந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கே இல்லாத காலத்தில், 1963-இல் பம்பாயில் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியதும் அவர்கள்தான்.

சிகிச்சைச் செலவுக்கு உதவும் அவர்களின் 'கேன்சர் க்யூர் ஃபண்ட்' என்ற நிதி 2011 முதல் இயங்குகிறது. வசதியில்லாத, ஆனால் குணமாக நல்ல வாய்ப்புள்ள நோயாளிகளுக்கானது. நாலாம் ஸ்டேஜில் இருப்பவரின் மனைவியிடம் இந்த விதியை விளக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. இருக்கிற பணத்தில் எத்தனை பேரை முழுதாகக் காப்பாற்றலாம் என்று பார்க்கிறார்கள். அதைத் தவறென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பணம் உங்கள் கைக்கு வராது. அவர்களோடு இணைந்த மருத்துவமனைக்கே போகும், விண்ணப்பமும் அங்கிருந்துதான். ஏற்கெனவே கட்டிய பில்லை இதுபோன்ற நிதிகள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் எஸ்டிமேட் வாங்கிவிடுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் அன்றே பதிந்துவிடுங்கள்.

அதிகம் இழுத்தடிப்பது பெயர்க் குழப்பம். ரேஷன் கார்டில் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி', ஆஸ்பத்திரி சீட்டில் 'செல்வி முருகன்' என்றிருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதற்குள் அடுத்த கீமோ தேதி வந்துவிடும். ஓ.பி. சீட்டுப் போடும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ரயில் கட்டணம். சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 100 சதவீதச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஊர்விட்டு ஊர் வந்து மாதக்கணக்கில் அலைகிறவர்களுக்கு இது சின்னத் தொகையல்ல. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும். எங்களிடம் கேளுங்கள், டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறோம்.