கனவு கூடவில்லை, விழிப்புதான் கூடியிருக்கிறது

"விடியக்காலைக் கனவு பலிக்கும்னு சொல்றாங்களே டாக்டர், அதான் பயமா இருக்கு." வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கமிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தலைவலி, அசதி என்றுதான் ஆரம்பிப்பார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போதுதான் கனவுப் பேச்சு வரும். செத்துப்போன அப்பா வந்து கூப்பிட்டார், பல்லெல்லாம் கொட்டியது, கடல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, ராத்திரி பூரா இதேதான், தூங்கின மாதிரியே இல்லை.

கனவு எல்லோருக்கும் எல்லா ராத்திரியும் வருகிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு. அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் சிகாகோவில் இதைக் கண்டறிந்து 1953-இல் வெளியிட்டார்கள். கதை மாதிரி நீளும் கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். முதல் சுற்றில் அது சில நிமிடம்தான், விடியும் நேரத்தில் அரைமணி வரைகூட நீளும். விடியக்காலைக் கனவு அவ்வளவு தெளிவாக இருப்பது இதனால்தான், பலிக்கப்போகிறது என்பதால் இல்லை. கனவின் நடுவில் விழித்தால் அது நினைவில் நிற்கும், விழிக்காமல் தூங்கிவிட்டால் அநேகமாக மறந்துபோகும். அதனால் "எனக்கு நிறையக் கனவு வருது" என்று ஒருவர் சொன்னால் கனவுக்கு அர்த்தம் தேடமாட்டேன், உங்களை எது எழுப்புகிறது என்றுதான் கேட்பேன்.

நம் பக்கத்தில் எழுப்புவதற்கா பஞ்சம்? கன்டெய்னர் லாரி ஹாரன், கொசு, ஒரே அறையில் ஐந்து பேர், அதில் ஒருவர் கையில் விடியவிடிய மொபைல். எல்லாவற்றையும்விட வெக்கை. கனவுக் கட்டத்தில் உடம்பு தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் வேலையைச் சரியாகச் செய்யாது, அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் ஃபேன் நின்றால் சட்டென்று விழிப்பு வந்துவிடும். மீன் ஏலத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து போகும் பெண்களுக்கு விடியக்காலைத் தூக்கமே கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைந்து நீளமாகத் தூங்கும்போது, விட்டுப்போன கனவுத் தூக்கத்தை மூளை சேர்த்துப் பிடிக்கும். அதோடு கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் கனவு கொட்டினால் யாரும் செய்வினை வைத்துவிடவில்லை அம்மா.

பேய் அமுக்குகிறது என்கிறார்களே, அதுவும் இதே கட்டத்தின் வேலைதான். கனவு காணும்போது கை கால் தசைகள் தளர்ந்து கிடக்கும். நினைவு முந்திக்கொண்டு விழித்துவிட்டால் சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ உடம்பை அசைக்க முடியாது. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது கூடுதலாக வரும். ஒருக்களித்துப் படுங்கள்.

தூக்கம் வரட்டும் என்று ஒரு குவார்ட்டர் போடுகிறவர்களுக்குத்தான் இதில் பெரிய நஷ்டம். முன்ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள், சரக்கு இறங்கியதும் பின்ராத்திரியில் துண்டுதுண்டாக விழிப்பும் கெட்ட கனவும்தான். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படித்தான், பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் கனவு முன்னைவிட மோசமாகும். பிரஷருக்கோ படபடப்புக்கோ கொடுக்கும் புரோப்ரனலால், மெட்டோபுரோலால், மனச்சோர்வு மாத்திரைகள் சில, இவற்றாலும் சிலருக்குக் கனவு கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம், குடித்ததில் பாதி காஃபின் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ராத்திரி விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். பார்த்தால் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று மனசு கணக்குப்போட ஆரம்பித்துவிடும், அப்புறம் தூக்கம் எங்கே வரும்? புரண்டு புரண்டு படுப்பதைவிட எழுந்து கொஞ்ச நேரம் வெளிச்சம் குறைவான மூலையில் உட்கார்ந்துவிட்டு வருவது மேல். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பகலில் எழுதி, முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி, தினம் பத்து நிமிடம் அந்தப் புது முடிவை மனசுக்குள் ஓட்டிப்பாருங்கள். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் இது ஆராய்ந்து பார்த்த சிகிச்சை முறை.

இதில் அடங்காதவையும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் கெட்ட கனவோடு வேர்த்துக் கொட்டி எழுந்தால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம், உடனே சோதித்துப் பாருங்கள், குறைவாக இருந்தால் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு மறுநாளே டாக்டரைப் பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிகிறவர், அதுவும் லாரி ஓட்டுகிறவர் என்றால், தள்ளிப்போடவே கூடாது. விபத்துக்கோ சாவுக்கோ பிறகு தினமும் அதே காட்சி வருகிறவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம், போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். ஐம்பது தாண்டிய ஆண்கள் கனவில் நடப்பதையெல்லாம் கையாலும் காலாலும் நிஜமாகவே செய்து, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிட்டால் அது சாதாரணக் கனவு இல்லை, நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது. அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காமல் போகலாம், அதனால் அடிபட்ட வீட்டுக்காரம்மாவும் கூடவே வர வேண்டும்.