சைக்கிள்காரர் எங்கே போவார்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2024 நவம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கார் போகும் தடத்தைக் குறைத்து ஒரு நகரம் சைக்கிள் தடம் போட வேண்டுமானால், இனி மாகாணத்தின் அனுமதி வேண்டும். டொரண்டோவில் புளூர், யங், யுனிவர்சிட்டி சாலைகளில் ஏற்கெனவே இருந்த தடங்களையும் எடுக்கப் பார்த்தார்கள். சொன்ன காரணம், நெரிசல். 2025 ஜூலையில் அங்குள்ள உயர் நீதிமன்றம், அந்தத் தடங்களை எடுப்பது செல்லாது என்றது. தடத்தை எடுத்தால் நெரிசல் குறையாது என்று அரசு அமர்த்திய நிபுணர்களே சொல்லியிருந்தார்கள். ஆபத்து மட்டும் கூடும், அது உயிர் வாழும் உரிமையில் கை வைப்பது என்பது தீர்ப்பு. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

கிருஷ்ணகிரியில் எலும்பு முறிவு பார்க்கிற எனக்கு அந்த வழக்கு ரொம்பவும் பழகிய விஷயம். தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிளில் வருகிறவர் வரத்தான் செய்வார், லாரிகளுக்கு நடுவே.

நம் ஊரில் எடுப்பதற்குத் தடமே இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. ஓட்ட ஓர் ஓரம் கொடுக்கவில்லை. நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோடு என்னவோ இருக்கிறது. ஆனால் அங்கே டீக்கடை முன்னால் லாரி நிற்கும், எதிர்த்திசையில் பைக் வரும். மாம்பழ சீசனில் கேட்கவே வேண்டாம். நிற்கிற லாரியைச் சுற்றிப் பையன் வலப்பக்கம் ஒடிக்கும்போதுதான் பின்னால் வரும் வண்டி தட்டுகிறது.

விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டோ காரை எலும்போ முறியும். அது பெரும்பாலும் கூடிவிடும். நான் பயப்படுவது வயிற்றுக்கு. ஹேண்டில்பார் முனை குத்தியிருந்தால் தோலில் சின்ன வட்டமாகச் சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். பையன் வீட்டுக்கு நடந்தேகூட வந்துவிடுவான். அப்புறம் வயிற்றுவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, முகம் வெளிறினாலோ, அடிபடாத தோள்பட்டை வலித்தாலோ, சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காமல், ஸ்கேன் வசதியும் அறுவைச் சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.

ஹெல்மெட் போடட்டும், நல்லதுதான். ஆனால் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளை ஓட்ட விட்டுவிட்டு ஹெல்மெட்டை மட்டும் நம்ப முடியாது.

சரி, யாரிடம் கேட்பது? நான்குவழிச் சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையவை. மாநிலச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊர்த் தெருக்கள் நகராட்சியுடையவை. ஒருவரிடம் போனால் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது, அந்தக் குழுவில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். ‘சைக்கிள் பாதை வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் நிதி இல்லை என்று பதில் வரும். எந்தப் பள்ளி, சர்வீஸ் ரோட்டில் எந்த இடம், எத்தனை மணிக்கு லாரி நிற்கிறது என்று போட்டோவோடு எழுதி, பள்ளி நேரத்தில் மட்டும் அங்கே நிறுத்தத் தடை கேளுங்கள். ஒரு நோ பார்க்கிங் பலகையும் காலையும் மாலையும் ஒரு காவலரும் இருந்தால் போதும்.