பழைய வில்லில் ஸ்க்ரூ ஓட்டைகள்: எது ஆபத்து, எது வெறும் அழகுக் குறை?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் இருந்த பெரியப்பா கொடுத்த 1960களின் ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வேட்டை வில், மரக் கைப்பிடியின் பக்கவாட்டில் நாலு ஸ்க்ரூ ஓட்டை, முன்பக்கம் ஒன்று. இழுத்தால் உடையுமா, அடைத்தால் சரியாகுமா? பாட்டி வேறு "மூளியான வில் வீட்டுக்கு ஆகாது" என்கிறாராம்.

அங்கே அந்தக் காலத்தில் இது சகஜம். குறிபார்க்கும் சைட், அம்பு செருகும் குவிவர், மீன்பிடி ரீல் என்று எதை வாங்கினாலும் வில்லிலேயே துளை போட்டு முடுக்கிவிடுவார்கள். நம் பழைய வடார்க்காட்டுச் செங்கம் நடுகற்களில் வீரர்கள் பிடித்திருக்கும் வில்லில் முடுக்க ஒன்றும் இல்லை, அதனால் ஓட்டையும் இல்லை.

நாணை இழுத்தால் இலக்கைப் பார்த்த முகம் இழுபடும், நம்மைப் பார்த்த முகம் அமுங்கும், நடுவே இரண்டும் இல்லாத ஓர் அடுக்கு உண்டு. இது பள்ளிப் பாடம்தான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால் விசை அந்த வெற்றிடத்தின் வழியே போக முடியாது. பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்துத் தூணின் இரு பக்கமும் தண்ணீர் நெருக்கியடித்துப் போனதே, அப்படித் துளையின் இரு ஓரங்களிலும் குவியும். எவ்வளவு குவியும் என்று 1898-ல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்குப் போட்டார்: 3 மடங்கு. தகடு போதிய அகலமாக இருந்தால் துளை பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது! குண்டூசித் துளைக்கும் அதே 3. நார் ஓட்டமுள்ள மரத்தில் இன்னும் கூடும். 1913-ல் இங்கிலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் நீள்வட்டத் துளைக்குக் கணக்குப் போட்டார், இழுவிசைக்குக் குறுக்கே நீண்டு முனை கூர்மையாக ஆக மடங்கு ஏறிக்கொண்டே போகிறது, விரிசல் பயங்கரமாவது அதனால்தான். லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன் துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டை இழுத்துப் பிடித்து, போலராய்டு கண்ணாடி வழியே பாருங்கள், துளையைச் சுற்றி வண்ணப் பட்டைகள் நெருங்குவது தெரியும். இவ்வளவு மலிவான சோதனை நம் பள்ளி ஆய்வகங்களில் இல்லாதது எனக்குத் தீராத எரிச்சல்.

சரி, வில்லுக்கு வருவோம். பக்கவாட்டு ஓட்டைகள் கைப்பிடியின் கனத்தில் நடுவாக இருந்தால் அங்கே விசையே சொற்பம், அதை 3 மடங்காக்கினாலும் சொற்பம். முன்முகத்து ஓட்டைதான் கவனிக்க வேண்டியது, இழுபடும் பக்கம் அது. டார்ச்சைச் சாய்த்து அடித்து, நார் வாக்கில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள்; பஞ்சால் தடவினால் சிக்கும். விரிசல் இருந்தால் நாண் ஏற்றாதீர்கள். கைப்பிடியில் இல்லாமல், அதற்கு மேலும் கீழும் வளையும் வில்லின் கையிலேயே துளை இருந்தால் பேச்சே இல்லை, சுவரில் மாட்டிவிடுங்கள்.

அடைப்பதால் பலம் திரும்பாது, ஏனென்றால் சுற்றியுள்ள மரம்போல் அடைப்பு விசையைத் தாங்காது. ஈரம் உள்ளே போகாது, பார்வையாக இருக்கும், அவ்வளவே. எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்துவிட்டு, அதே மரத்தூளை எபாக்ஸிப் பசையில் குழைத்து அடைக்கலாம். உருட்டுக் குச்சி அடிப்பதைவிட, நார் கைப்பிடியின் வாக்கிலேயே ஓடும்படி வெட்டிய மர அடைப்பு மேல். மரம் நார்வாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கே நன்றாகச் சுருங்கும். குச்சியின் நார் கைப்பிடிக்குக் குறுக்கே நிற்பதால் வேலூர்க் கோடையில் கைப்பிடி சுருங்க, குச்சி முனை துருத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம், 1972 வனவுயிர்ச் சட்டம் இருக்கிறது, ஜவ்வாது மலைப் பக்கம் வில்லோடு போய்விடாதீர்கள், வைக்கோல் இலக்கு போதும். மூளி விஷயத்தில் பாட்டியிடம் முன்பக்க ஓட்டையை மட்டும் காட்டுங்கள், அதில் அவர் பயம் பாதி நியாயம்.