வாத்தியார் படம் போடும்போது எங்கே நிறுத்த வேண்டும்?

தேர்வு முடிந்த வாரத்திலும், ஐப்பசி மழையில் பாதி வகுப்பு காலியாக இருக்கும் நாளிலும் கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டக் கை போகிற சினிமா ஒன்று உண்டு, வாத்தியாரே நாயகனாக வரும் படம். புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார், எல்லோரும் கைவிட்ட வகுப்பு, கடைசியில் கைதட்டல். தாராளமாகப் போடலாம். ஆனால் அப்படிப்பட்ட சாரைத் திரையில் பார்த்த பிள்ளை, தன் சாரிடமும் எதையாவது சொல்ல வரும். அதற்குத் தயாராகாமல் படம் போடக் கூடாது.

முதலில் ஆசிரியர் தனியாக முழுப் படத்தையும் பார்த்துவிட வேண்டும். தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்திருக்கிறார்கள்; 13+ படத்துக்கு ஆறாம் வகுப்பை உட்கார வைக்காதீர்கள். இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு 45 நிமிட பீரியட் மூன்று போய்விடும், பேச்சுக்கு நேரம் மிஞ்சாது. இடைவேளையோடு நிறுத்தி மறுநாள் தொடருங்கள். தகரக் கூரை போட்ட ஹாலில் மழை பிடித்தால் வசனம் ஒன்றும் கேட்காது. வகுப்பறை ஸ்மார்ட் போர்டே மேல். பார்வையாளர்கள் மாணவர், பெற்றோர், ஆசிரியரோடு நிற்கட்டும். ஊரைக் கூட்டினால், அனுமதி வாங்காமல் படம் போடக் கல்வி நிறுவனங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு பொருந்தாது.

வாத்தியார் கன்னத்தில் அறைந்ததும் பையன் திருந்துகிற காட்சி வந்தால் படத்தை நிறுத்துங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. வகுப்பின் முன்னால் அழ வைத்து மன்னிப்புக் கேட்க வைப்பதும் அதில் அடங்கும். "அந்தப் பையனுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தானாக வரும்.

அடுத்தது, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று வாத்தியார் சத்தியம் செய்யும் காட்சி. பார்க்க மனதைத் தொடும். நடைமுறையில் ஆபத்து இதில்தான் அதிகம். பாலியல் சீண்டல் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மறைத்தவர் நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. ஆகவே ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்பது போதும். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ஹெச்.எம். ஒரு தரம், வகுப்பாசிரியர் ஒரு தரம், பி.டி. சார் ஒரு தரம் என்று கதை கேட்டால் பிள்ளை மூன்றாம் முறை பேச்சையே மாற்றிவிடும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "விசாரிப்பது" இன்னும் மோசம். பிள்ளையை மிரட்ட அவருக்கு அவகாசம் கிடைத்துவிடும். குழந்தைகள் உதவி எண் 1098 நாள் முழுக்க இயங்குகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 14417ம் உண்டு.

படத்தில், படிப்பை விட்ட பையனின் வீட்டுக்கு வாத்தியார் தனியாகப் போய் அப்பாவிடம் ஒரு பக்கம் வசனம் பேசியதும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். கடலோரத்தில் விஷயம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு வருமானம் நிற்கும் நேரமும் ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வருகின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரி சீசன் கோடையில். வராத பிள்ளையின் வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். வீட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து அதே தெருப் பெற்றோர் ஒருவரை அழைத்துப் போங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அப்பா குடித்திருந்தால் பேசாமல் திரும்பிவிட்டு, காலையில் போங்கள்.

படம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுங்கள். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். கேள்வி ஒன்றே ஒன்று: "அந்த சார் நம்ம ஸ்கூலுக்கு வந்தா முதல்ல எதை மாத்தணும்?" கழிவறைக் கதவு, பேருந்து நேரம் என்றுதான் நிறைய வரும். அவற்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம். ஒரு ஆளைப் பற்றி எழுதிய தாளை வகுப்பில் உரக்கப் படிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த இரண்டு நாள் மதிய இடைவேளையில் கதவு திறந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் அறையில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச வேண்டிய பிள்ளை அன்றைக்கே வராது, மறுநாள்தான் வரும்.