அச்சு ஊருக்கு ஊர் வேறு, முகம் மட்டும் ஒன்று

கி.பி. 130 அக்டோபரில், ரோமப் பேரரசர் ஹேட்ரியன் எகிப்தில் இருந்தபோது, அவருடைய அன்புத் துணைவன் அன்டினோயஸ் நைல் நதியில் மூழ்கி இறந்தான். பேரரசர் அந்தக் கரையில் அவன் பெயரில் ஒரு நகரமே எழுப்பினார். ஆனால் ரோம் நகரத்து நாணயச்சாலை அவன் முகம் போட்டு ஒரு காசுகூட அடிக்கவில்லை. அடித்ததெல்லாம் கிரேக்கம் பேசிய கிழக்கு நகரங்கள்தான், முப்பதுக்கும் மேல்.

காரணம் எளிது. சில்லறைக்கான வெண்கலக் காசை அந்த நகரங்கள் தாங்களே அடித்துக்கொண்டன. சில சமயம் ஊர்ப் பெரியமனிதர் யாராவது முன்வந்து அடித்துக் கொடுப்பார். ஸ்மிர்னா காசில் "பொலெமோன் ஸ்மிர்னா மக்களுக்குக் காணிக்கையாக்கியது" என்றே இருக்கிறது. நம் வழக்கில், பொலெமோன் உபயம்! பேரரசரின் மனம் குளிரும், ஊரிலும் பெயர் நிற்கும்.

தலைப்பக்க அச்சைப் பட்டடையில் பதித்து, அதன்மேல் வெண்கல வில்லையை வைத்து, பூப்பக்க அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அச்சு கையால் வெட்டியது என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அச்சில் விழுந்த கீறல்கூட அடுத்தடுத்த காசுகளில் அப்படியே பதியும். அதைப் பிடித்துக்கொண்டுதான், எந்தெந்தக் காசு ஒரே அச்சில் பிறந்தது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். இத்தனை கை மாறியும் அடர்ந்த சுருள்முடியும் சற்றே குனிந்த பார்வையும் ஊர்தோறும் தெரிகின்றன; சிலைகளில் இருந்த அதே முகம்.

எகிப்தின் அலெக்சாந்திரியா காசில் தேதியும் உண்டு: ஹேட்ரியனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதை, எண்ணாகவும் பயன்பட்ட கிரேக்க எழுத்துகளில் போட்டிருக்கிறார்கள். 'ஐயோட்டா' பத்து, 'தீட்டா' ஒன்பது, சேர்ந்தால் 19. பழைய தமிழ் எண்ணில் ௰௯ என்று எழுதுவதும் இதே கணக்குதான். ஹேட்ரியன் ஆட்சிக்கு வந்தது 117 ஆகஸ்ட் 11. எகிப்தியப் புத்தாண்டோ ஆகஸ்ட் 29. அந்தப் பதினெட்டே நாள் முதலாம் ஆண்டாகிவிட்டது! அப்படி எண்ணினால் 19ஆம் ஆண்டு 134 ஆகஸ்டில் தொடங்குகிறது. அதாவது அவன் இறந்து நான்கு ஆண்டு ஆகப்போகும் நேரம்.

சொந்த ஊரான பித்தினியோன் அவனைக் 'கடவுள்' என்றது. அலெக்சாந்திரியா, கடவுளுக்கு ஒரு படி கீழான 'வீரன்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. சரி, ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? சில காசுகளில் துளை இருக்கிறது. தாயத்தாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.