குவாண்டம் சிக்கலா, பின்னலா?

"தொலைவிலுள்ள இரு தரப்பினர் பகிர்ந்துகொண்ட குவாண்டம் சிக்கலைச் சோதிப்பது எப்படி?" போன வாரம் படித்த தலைப்பு இது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்று நினைத்தால் படிப்பவர் மேல் தப்பில்லை. இரு துகள்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் அவற்றை அளந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சேர்ந்தே அமைந்த நிலைக்கு ஆங்கிலத்தில் என்டேங்கிள்மென்ட் என்று பெயர். அதைச் சிக்கல் ஆக்குவதை எத்தனை முறைதான் பார்ப்பது! பின்னல் என்றால் என்ன குறைந்துவிடும்?

மூலச்சொல் ஃபெர்ஷ்ரெங்குங் என்ற ஜெர்மன் சொல். 1935இல் அதைக் கொடுத்தவர் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர். அதே ஆண்டு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தவரும் அவரே. கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்வதற்கும் ஜெர்மனில் இதே வினைதான். குழப்பத்தின் வாடையே கிடையாது.

சிக்கு, தலைமுடியில் தானாக விழுவது; சீப்பெடுத்து நீக்கப் பார்ப்போம். பின்னல், முனைந்து போடுவது. ஆய்வகத்தில் லேசர் ஒளியைப் படிகத்துக்குள் செலுத்தி இப்படிச் சேர்ந்த ஒளித்துகள் இணைகளை உண்டாக்குகிறார்கள். அந்தச் சேர்க்கை கலையாமல் காப்பதுதான் பெரும்பாடு. அதைப் போய்ச் சிக்கல் என்றால்? போதாக்குறைக்கு, நாம் கலப்பெண் என்னும் காம்ப்ளெக்ஸ் நம்பர் இலங்கைப் பாடநூல்களில் சிக்கலெண். குவாண்டம் கணக்கில் அது இல்லாமல் எதுவும் நகராது. சிக்கலெண், சிக்கல் நிலை, சிக்கலான கணக்கு மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் அந்த மாணவர் என்ன செய்வார்?

சிலர் பிணைப்பு என்கிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் வேதியியலில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று படித்த பிள்ளைக்கு நடுவில் ஏதோ விசை இழுப்பதாகவே தோன்றும். இங்கே அப்படியொன்றும் இல்லை; ஒரு பக்கம் அளந்து மறுபக்கத்துக்குச் சேதி அனுப்பவும் முடியாது. சோதனையையே பாருங்களேன். இரு இடங்களிலும் ஒவ்வொரு முறையும் இரண்டு அளவீடுகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து அளக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் விடைகள் வெறும் பூவா தலையா. இரு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்தால்தான் ஒத்துப்போவது தெரியும். துகள்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த ஒப்புமையை அளக்கக் கணக்கிடும் எண் 2ஐத் தாண்டாது. 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் போட்ட பாதையில் பிறந்த கணக்கு இது. குவாண்டம் இயற்பியல் சுமார் 2.83 வரை இடம் தருகிறது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு எலக்ட்ரான்களை வைத்துச் சோதித்தபோது 2.42 கிடைத்தது; பேசிவைத்துக்கொண்டு வந்த கதை அங்கே எடுபடவில்லை.

பின்னலும் அப்படித்தானே? ஓர் இழையை மட்டும் உருவிப் பார்த்தால் கோலம் தெரியாது.

பின்னல் என்றால் திருப்பூர் பனியன் ஞாபகம் வருகிறது என்றார் நண்பர். சரி, வரட்டும். பின்னிய துகள், பின்னல் கலைந்தது என்று வினையும் கூடவே வருகிறது. 'சிக்கிய துகள்' என்று எழுதிப் பாருங்கள், போலீஸிடம் மாட்டியது போல இருக்கும்.