ஆழ்காலம்

எங்கள் நகரிப் பக்கம் யார் கொல்லையில் போர் போட்டாலும் பத்துப் பேர் கூடி நிற்பார்கள். முதலில் செம்மண் வரும், அப்புறம் சரளை, பிறகு சாம்பல் நிறத்தில் மாவு மாவாகக் கருங்கல் தூள். "எத்தனை அடி போச்சு?" என்று கேட்பார்கள். எத்தனை ஆண்டு போச்சு என்றும் கேட்கலாம். பூமியின் வயதான 454 கோடி ஆண்டை அப்படிக் கீழ்நோக்கிப் பார்ப்பதுதான் ஆங்கிலத்தில் 'டீப் டைம்' (deep time).

இந்தப் பெயரைப் பரப்பியது அமெரிக்க எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ 1981-இல் எழுதிய நூல். கருத்து பழையது. 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில், செங்குத்தாக நிற்கும் பாறை அடுக்குகள்மேல் வேறு அடுக்குகள் சாய்வாகப் படிந்திருப்பதை நண்பர்களுக்குக் காட்டினார். கீழ் அடுக்கு இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதானே மேலது படிந்திருக்க முடியும்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருமலை மலைப்பாதையில் பஸ் திரும்பும் இடங்களில் பாருங்கள். கீழே 250 கோடி ஆண்டுக்கும் பழைய கருங்கல். அதன்மேல், மணல் இறுகி அடுக்கடுக்கான குவார்ட்சைட் பாறை. அதற்கு எங்கள் ஊர்ப் பெயர்தான், நகரி குவார்ட்சைட். இரண்டும் தொடும் கோட்டில் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுக்கான பாறையே காணாமல் போயிருக்கிறது. உள்ளங்கையால் மறைத்துவிடலாம் அந்தக் கோட்டை. தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆழமான நேரம்' வேண்டவே வேண்டாம். நேரம் கடிகாரத்துக்கு உரியது. 'நெடுங்காலம்' பத்து வருஷத்துக்கே செலவாகிவிடுகிறது: "பார்த்து நெடுங்காலமாச்சு" என்கிறோமே. 'ஊழி' அழகான சொல். "ஊழி பெயரினும்" என்கிறது குறள். ஆனால் ஊழிக்கு முடிவு உண்டு. ஊழித்தீ, ஊழிக்காற்று என்றாலே அழிவுதான் நினைவுக்கு வரும். நிலவியல் காலக்கணக்கின் பெரும் பிரிவுகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு 'ஆழ்காலம்'தான் பொருத்தம். ஆழ்கடல், ஆழ்துளைக் கிணறு என்று நாக்குக்குப் பழகிய அமைப்பு. வினைத்தொகை என்பதால் 'க்' மிகாது. வினைத்தொகையில் மூன்று காலமும் ஒளிந்திருக்கும்: ஆழ்ந்த காலம், ஆழ்கின்ற காலம், ஆழும் காலம். நேற்றைய மழையில் நகரி ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் அதில் சேர்த்திதான்.